மெம்பர் தூக்கின கதிரை

எங்க டவுனு பேரச் சொல்ல மாட்டேன். கண்டியில பஸ் ஏறி ஒக்காந்து, ஒரு தூக்கம் போடுறதுக்குள்ள எறங்கிரலாம், அவ்வளவுதான் தூரம். சின்ன டவுனுதான். ஆனா நகரசபை இருக்கு, சேர்மன் இருக்காரு, மெம்பருங்க இருக்காங்க. பேரச் சொன்னா அவங்க யாருன்னு தெரிஞ்சிரும். அவங்களும் வீடு வாசல் உள்ளவங்கதானே.

மெம்பருங்கள நான் நெறைய பாத்திருக்கேன். பொறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே கண்டி மார்க்கெட்டுக்கு வந்துட்டேன். அக்குறணை முதலாளிமாரோட லொறியில அரிசி, சீனி, கொத்தமல்லி எல்லாம் வரும், நாங்க எறக்கி கடைக்குள்ள அடுக்கணும். கொத்தமல்லி மூட்டை இருக்கே, பாக்கத்தான் பெருசு, கனமே இருக்காது. மாசிக் கருவாட்டு மூட்டை அப்படி இல்ல, ராத்திரி குளிச்சாலும் வாசம் போகாது. கட்டின புதுசுல எம் பொஞ்சாதி என்னைய வாசல்லயே நிப்பாட்டி வச்சு தண்ணி ஊத்துவா. சரி, அத விடுங்க, மெம்பருங்க கதைக்கு வாறேன். எலக்சன் வந்தா மார்க்கெட்டுக்குத்தான் மொதல்ல வருவாங்க. வேர்வையோட நிக்கிற எங்களக் கட்டிப் புடிப்பாங்க. ஒருத்தரு என்னையக் கட்டிப் புடிச்சிட்டு, அந்தப் பக்கம் போயி லேஞ்சியால கழுத்தத் தொடச்சதப் பாத்தேன். அவரு மேல எனக்கு கோவமே வரல. மாசி வாசம் யாருக்குத்தான் புடிக்கும்?

இப்ப நாங்க இருக்குறது டவுனுக்கு மேல ஒரு மேட்டுல. வீடுங்க ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும். கீழ ரோட்டுல இருந்து பாதி தூரம் வரைக்கும் கொங்கிறீட் படி இருக்கு. அது முந்தி ஒரு மெம்பரு போட்டது. படி எங்க முடியுதோ, அங்கதான் அவரோட ஆளு வீடு. அதுக்கு மேல மண்ணுதான். மழை பேஞ்சா மண்ணும் இல்ல, சேறு.

எம் பொஞ்சாதிக்கு சீனி வருத்தம். கால்ல ஒரு சின்னப் புண்ணு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயி போயி மருந்து கட்டணும். டொக்டரம்மா என்னைய தனியாக் கூப்பிட்டு, "இத ஒழுங்கா சுத்தம் பண்ணாம விட்டா பாதத்த எடுக்க வேண்டி வரும், ஐயா"ன்னாங்க. நடக்க முடியாதவள எப்புடிக் கொண்டு போறது? பிளாஸ்டிக் கதிரையில ஒக்கார வச்சு, நாலு மூலைக்கும் நாலு பேரு புடிச்சு எறக்குவோம். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரப் பொடியன், எம் மருமகன், மேல இருக்குற சிங்கள பாஸ், அப்புறம் நான். பாஸ்ன்னா மேசன். நல்ல மனுசன், கூப்புட முந்தியே வந்து நிப்பாரு.

ஒரு நாளு மழையில எங்காலு வழுக்கிருச்சு. கதிரை சாஞ்சு அவ செவுத்துல மோதிக்கிட்டா. நல்ல வேளை பெருசா ஒண்ணும் ஆகல. ஆனா வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டா.

"இனிமே நீங்க கதிரையத் தொடாதீங்க. மூட்டை விழுந்தா தூக்கி அடுக்கிறலாம். நான் விழுந்தா?"

"வேற ஆளு பாக்குறேன் புள்ள."

"பாக்குறப்ப பாருங்க. அது வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

சொன்ன மாதிரியே அடுத்த கிளினிக்குக்குப் போகல. கட்டுத் துணியில ஈரம் ஊறி வர்றத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணேன், மேல வரைக்கும் படி போட வச்சிட்டுத்தான் மறு வேலைன்னு.

இந்தப் படிக்காக முந்தியும் நான் நகரசபைக்கு அலைஞ்சவன்தான். அப்ப நடுவுல கொஞ்ச காலம் மெம்பரே இல்லாம கெடந்துச்சு. எலக்சன் தள்ளிப் போயி, தள்ளிப் போயி, கந்தோர், அதான் ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான் இருந்தாங்க. கேட்டா, "மெம்பருங்க வரட்டும், அப்ப வாங்க"ன்னாங்க. இப்பத்தான் வந்துட்டாங்களே. எங்க பக்கத்துக்கு புது மெம்பரு, ஒரு சிங்களப் பொடியன், டியூஷன் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவரு. மொதல் தடவையா ஜெயிச்சவரு. புதன்கிழமை சனங்களப் பாக்குற நாளு. போனேன்.

கந்தோர்ல தமிழுக்குன்னு ஒரு புள்ளைய வச்சிருக்காங்க. யாழ்ப்பாணத்துப் புள்ள, புதுசு. நல்ல மரியாதை.

"ஐயா, என்ன அலுவலா வந்தனீங்கள்?"

மேடு, படி, பொஞ்சாதி கால் எல்லாம் சொன்னேன்.

"நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"நாட்டாமிம்மா."

அது நிமிந்து பாத்துச்சு. "அந்த மேடு முழுக்க உங்களைத்தான் கேக்குமோ?"

"ஆமா, எல்லாரும் என்னையத்தான் கூப்புடுவாங்க. காஸ் சிலிண்டரா இருந்தாலும் சரி, அலுமாரியா இருந்தாலும் சரி."

அலுமாரின்னு சொன்னது அது காதுல விழுந்துச்சோ என்னமோ. எந்திரிச்சு எனக்கு ஒரு கதிரைய இழுத்துப் போட்டுச்சு. "இருங்கோ ஐயா, உள்ள சொல்லிப்போட்டு வாறன்"னு போச்சு. ஒரு பிளேன்டீயும் வந்துச்சு. நகரசபையில எனக்கு பிளேன்டீ! நான் குடிக்கிறதா வேணாமான்னு பாத்துக்கிட்டு இருக்கையில, உள்ள அது மெம்பருகிட்ட சிங்களத்துல சொல்றது கேட்டுச்சு. மேட்டுத் தமிழ் ஆளுங்களோட நாயக்கயா வந்திருக்காருன்னு சொல்லுது. நாயக்கயான்னா தலைவரு.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இந்தியாவுல நாட்டாமைன்னா ஊர்ப் பெரியவரு, தீர்ப்பு சொல்றவரு. டிவியில அதத்தானே காட்டுறான். அந்தப் புள்ள டிவி பாத்து வளந்தது. எங்க மார்க்கெட்டுல நாட்டாமின்னா மூட்டை தூக்குறவன். கண்டியில சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும், சிங்கள ஆளுங்களுக்கும் அதே பேருதான். நான் சொன்னது உண்மைதான், அது வெளங்கிக்கிட்டதுதான் வேற. உள்ள போயி திருத்தணுமா? திருத்தல. பிளேன்டீயக் குடிச்சேன். பாதம் போகப் போறவ வீட்டுல இருக்கா.

மெம்பரு செவ்வாக்கெழம காலையில வர்றதாச் சொல்லி அனுப்பினாரு. செவ்வாதான் கிளினிக் நாளு.

வந்தாரு. சட்டை, களிசான், பளபளன்னு சப்பாத்து. கூட ஒரு பொடியன், கையில போனு, படம் எடுக்க. படி முடியிற எடத்துல நின்னுக்கிட்டு மெம்பரு மேல பாத்து தமிழ்லயே கேட்டாரு, "இங்க தலைவரு வீடு எது?"

பைப்படியில உடுப்பு அலசிக்கிட்டிருந்த ஆட்டோக்காரப் பொடியனோட அம்மா சும்மா இருக்குமா?

"தலைவரா? எங்களுக்கு எது தலைவரு?"

"நகரசபைக்கு வந்தாரே, வயசானவரு."

"அட, நம்ம நாட்டாமி மாமாவ! ஏய், இங்க வாங்கடி, மாமா தலைவரு ஆயிட்டாராம்! மாமோவ், மூட்டையெல்லாம் எறக்கி வச்சிட்டு வாங்க, மாலை போட ஆளு வந்திருக்கு!"

மேடே சிரிச்சுச்சு. மெம்பருக்கு மூஞ்சி செவந்து போச்சு. நான் எறங்கிப் போயி கும்பிட்டேன்.

"அங்கிள், நீங்கதான் இங்க தலைவருன்னு சொன்னாங்களே?"

"நான் சொல்லல, தம்பி மாத்தயா. நான் நாட்டாமின்னுதான் சொன்னேன். அந்தப் புள்ள அத வேற மாதிரி எடுத்துக்கிச்சு."

"நான் ஒரு கூட்டத்த விட்டுட்டு வந்திருக்கேன்."

"அது பெரிய உபகாரம். வந்தது வந்துட்டீங்க. எம் பொஞ்சாதிய எறக்கணும், ஒரு ஆளு கொறையுது."

அவரு திரும்பி கீழ பாத்தாரு. போகப் போறாருன்னுதான் நெனைச்சேன். நான் வழிய மறிக்கல, கெஞ்சவும் இல்ல. கதிரைய வாசல்ல கொண்டாந்து வச்சேன். எம் மருமகன் உள்ள போயி அவளத் தூக்கிட்டு வந்து ஒக்கார வச்சான். கட்டுத் துணி தெரிஞ்சிச்சு, வாசமும் வந்துச்சு. மெம்பரு அதப் பாத்தாரு. பாத்துட்டு சப்பாத்தக் கழட்டினாரு.

கூட வந்த பொடியன் போனத் தூக்கினான். எம் பொஞ்சாதி அவனப் பாத்து, "தம்பி, படம் புடிக்கிற கையால அந்தப் பக்கத்துல கொஞ்சம் கதிரையப் புடி"ன்னா. அவனுக்குத் தமிழ் தெரியாது. பாஸ் சிங்களத்துல எடுத்துச் சொன்னதும் போனப் பைக்குள்ள போட்டுக்கிட்டான்.

மெம்பரு, ஆட்டோக்காரப் பொடியன், எம் மருமகன், பாஸ், நாலு பேருமா எறக்குனாங்க. நான் முன்னால போயி கால் வைக்கிற எடம் காட்டிக்கிட்டே வந்தேன். "அந்தக் கல்லு ஆடும், வேணாம். இங்க வைங்க. மூச்ச விட்டுட்டு தூக்குங்க, தோள்ல இல்ல, முட்டியில பெலன் குடுங்க." பாதி வழியில மெம்பருக்கு வழுக்கி ஒரு முட்டி மண்ணுல ஊனிருச்சு. ஆனா கதிரைய விடல. கண்ண மூடிக்கிட்டு சாமியக் கூப்புட்டுக்கிட்டு இருந்த எம் பொஞ்சாதி ஒரு கண்ணத் தொறந்து, "பரவால்ல, இவரு விட மாட்டாரு"ன்னா.

ரோட்டுக்கு வந்ததும் அவரு கதிரைய மெதுவா எறக்கி வச்சாரு. களிசான் எல்லாம் சேறு. மேல பாத்துக்கிட்டே என்னையக் கேட்டாரு, "இங்க யாராச்சும் செத்தா எப்புடி எறக்குவீங்க?"

"அதுக்குப் பயமில்ல தம்பி மாத்தயா. செத்தவங்களுக்கு வலிக்காது."

 அவரு ஆட்டோவுல அவள ஏத்திட்டு, போன் பொடியன் கொண்டாந்த சப்பாத்தக் கையில வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் சபையில இத எடுத்தாராம். அங்க மத்த மெம்பருங்க, அந்த மேட்டுல எத்தன வோட்டுன்னு கேட்டாங்களாம். கத்திப் பேசித்தான் வாங்கினாருன்னு கேள்வி. இந்தத் தடவை அவரே ஏறி வந்து சொன்னாரு. சேர்மன் சீமெந்தும் மணலும் தர ஒத்துக்கிட்டாராம். ஆனா மேல தூக்க ஆளு இல்ல, லொறி ரோட்டுல கொட்டிட்டுப் போயிரும். இதச் சொல்லும்போது தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தூக்கவா ஆளில்ல? கண்டி மார்க்கெட்டுக்கு ஆளு அனுப்பினேன். என்னோட வேலை செஞ்சவங்கள்ல இருக்குறவங்க வந்தாங்க. ஒருத்தனுக்கு முட்டி மடங்காது, ஒருத்தனுக்கு ஒரு கண்ணு தெரியாது. அக்குறணைக் கடையில எங்கூட நின்ன முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னுதான் கூப்புடுவோம், வீட்டுல இருந்து ஒரு சட்டி எறைச்சியோட வந்துட்டாரு. எல்லாரும் கீழ இருந்து மேல வரைக்கும் வரிசையா நின்னு, தாச்சிச் சட்டியில மணல கை மாத்தி கை மாத்தி ஏத்தினோம். பொம்பளைங்கதான் எங்கள விட வேகம். நடுவுல கொரங்கு வந்து எங்க பாண் பார்சல தூக்கிட்டுப் போச்சு, அது ஒரு தனிக் கதை. பாஸ் நின்னு படி போட்டாரு. மெம்பரும் வந்து ஒரு எடத்துல நின்னாரு. இந்தத் தடவை சப்பாத்து போடல, செருப்புதான்.

படி வந்துருச்சு, கைப்புடி வரல. கைப்புடி இல்லாம அவளால எறங்க முடியாது. திரும்பப் போனேன், ஒவ்வொரு புதனும். அந்தக் கந்தோர்ப் புள்ள என்னையப் பாத்ததும் எந்திரிச்சிரும்.

"ஐயா, அண்டைக்கு நான் பிழையா விளங்கிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்பு கெடக்கட்டும் புள்ள. கைப்புடிக்குப் பைப்பு எங்க?"

"இந்தக் கிழமை வருமெண்டு சொன்னவை."

"போன கெழமையும் அதத்தான் சொன்னாங்க. நான் அந்தக் கதிரையில இருக்கேன், நீ ஒன் வேலையப் பாரு."

ஒக்காந்திருப்பேன். அவங்க கந்தோர மூடுற வரைக்கும் ஒக்காந்திருப்பேன். ஒருக்கா சேர்மன் வெளிய வந்து, "நீங்க இன்னும் போகலையா?"ன்னாரு. "பைப்பு வந்தா போயிருவேன் சேர்மன் ஐயா"ன்னேன். வந்துச்சு. பாஸ் ஒரு பின்னேரத்துல அதக் கைப்புடியாப் பூட்டிட்டாரு.

அதுக்குள்ள ஆஸ்பத்திரியில அவளுக்கு ரெண்டு கால் வெரல எடுத்துட்டாங்க. பாதம் தப்பிச்சிருச்சு. தடி புடிச்சு நடக்கப் பழகினா.

அப்புறம் தொறப்பு விழான்னாங்க. ரிப்பன் கட்டி, ரோட்டோரமா கதிரையெல்லாம் போட்டு, சேர்மன் வந்து வெட்டணுமாம். அன்னைக்கும் செவ்வாதான். எல்லாரும் நின்னுக்கிட்டு இருக்காங்க, சேர்மன் வரல. மேல இருந்து எம் பொஞ்சாதி எறங்கிட்டா. ஒரு கையில கைப்புடி, ஒரு கையில தடி. ஒரு படி எறங்கி மூச்சு விடுவா, அடுத்த படி. கடைசிப் படிக்கு வந்தா ரிப்பன் குறுக்க நிக்குது.

"என்ன இது?"

"சேர்மன் வந்து வெட்டணும். கொஞ்சம் பொறு புள்ள."

"கிளினிக்குல நம்பர் குடுத்து முடிஞ்சிரும். அவரு வந்து மெதுவா வெட்டட்டும்."

மெம்பரு என்னையப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். அவரு ரிப்பன ஒரு கையால மேல தூக்கிப் புடிச்சாரு. அவ குனிஞ்சு வெளிய வந்து ரோட்டுல காலு வச்சா. தடிய எங்கிட்ட குடுத்துட்டு, "ஆட்டோவக் கூப்புடுங்க, நின்னு பாத்துக்கிட்டு இருக்காம"ன்னா.