பதினைந்தாவது படி

மசுமிக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. முட்டை வாங்கினால் கடையிலேயே அட்டையைத் திறந்து, பத்து முட்டையையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வைப்பாள். வானிலை அறிக்கையில் வெயில் என்றால் குடை எடுத்துக்கொள்வாள். மழை என்று சொன்னாலும் வெளியே போய் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். கவாசாகியில் ஒரு பெரிய மளிகைக் கடையில் அவளுக்கு வேலை. அலமாரி அலமாரியாகப் போய்ப் பொருட்களின் கடைசித் தேதியைப் பார்த்து, காலாவதியானதை எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு டப்பா தயிர்கூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. அவளைப் பார்த்து அந்த வேலையைக் கொடுத்தவன் புத்திசாலி.

அப்படிப்பட்டவளிடம்தான் அவள் கணவன் இவாவோ பொய் சொல்ல ஆரம்பித்தான்.

இவாவோ மினேகிஷிக்கு ஐம்பத்திரண்டு வயது. திருகாணி செய்யும் ஆலையில், செய்து முடித்த திருகாணிகளில் பழுதானதைப் பொறுக்கி எடுக்கும் வேலை. வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்ட மாதிரி இருப்பான். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவனாக ஒரு இடத்துக்குப் போகலாம் என்று சொன்னது கிடையாது. ஆலையின் வருடாந்தரச் சுற்றுலா என்றால் மட்டும் அவன்தான் பொறுப்பாளி. எல்லோரும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் தனியாகப் போய், எந்த ரயில், கழிப்பறை எங்கே, முட்டி வலிக்காரர்கள் எங்கே உட்காரலாம் என்று வழி முழுக்க நடந்து பார்த்துவிட்டு வருவான். அங்கே பொறுப்பாளி என்றால் அப்படித்தான். ‘ஊருக்கெல்லாம் வழி பாரு, பெத்த பொண்ணை ஒரு பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகாதே’ என்று மசுமி இதைச் சொல்லிச் சொல்லியே சண்டை போட்டிருக்கிறாள்.

அக்டோபர் மாதம் அவன் ஆளே மாறிப்போனான். செய்தித்தாளைத் தொடவில்லை. தேநீரைக் கோப்பை நிரம்பி வழியும்வரை ஊற்றினான். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் கருநீலம் என்று காலுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். பேசிக்கொண்டே இருக்கும்போது முகத்தைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்த்தான். புத்தி இங்கே இல்லை என்று மசுமி முடிவு கட்டினாள். புத்தி இங்கே இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பிறகு ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவன் மேல்சட்டையைத் துவைக்க எடுத்தபோது அதில் அழுகிய முட்டை வாடை அடித்தது. பையில் கறுப்பாக ஏதோ ஒரு துணுக்கு இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். முட்டை ஓடு. ஓடு கறுப்பாக இருக்கிற முட்டை எங்கே கிடைக்கும் என்று அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஹகோனே மலையில், கந்தகம் கொதிக்கிற பள்ளத்தாக்கில் வேகவைத்து விற்பார்கள். ஒன்று தின்றால் ஏழு வருடம் ஆயுள் கூடும் என்பார்கள்.

வேலைக்குப் போன மனுஷன் மலையில் எப்படி முட்டை தின்றான்? மசுமி துணுக்கை ஒரு சின்ன உறையில் போட்டுத் தேதி எழுதிப் பத்திரப்படுத்தினாள். இரண்டு வாரம் கழித்து ஆலையிலிருந்து ஒரு அம்மாள் காப்பீட்டு விஷயமாகப் பேசினாள். பேச்சோடு பேச்சாக, “மினேகிஷி சாருக்கு உடம்பு தேவலையா? மூணு புதன்கிழமையா லீவு போட்டாரே” என்று கேட்டாள்.

“தேவலை” என்றாள் மசுமி. போனை வைத்தாள்.

அன்று சாப்பிடும்போது இவாவோ, “ஞாயித்துக்கிழமை ஹகோனே போலாமா? மூணு பேரும். கேபிள் கார்ல” என்றான்.

பதினோரு வயது மகள் சிகுசா சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டாள். “அப்பா, உடம்பு சரியில்லையா?”

“ஏண்டி, ஊரைச் சுத்திப் பார்க்க ஆசை இருக்கக் கூடாதா? உங்கம்மாவும் பாவம், கடை கடைன்னு நின்னு கால் வலிக்குது.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது மசுமிக்கு. எவளோ ஒருத்தியோடு போன இடத்துக்கே குடும்பத்தையும் கூட்டிப் போய்க் கணக்கைச் சரிக்கட்டுகிறானா? இல்லை, அவள் அங்கேயே இருக்கிறாளா? மறுநாள் மசுமி நகராட்சி அலுவலகத்துக்குப் போய் விவாகரத்துப் படிவம் ஒன்று வாங்கினாள். பச்சைக் கோடு போட்ட பெரிய தாள். தன் பக்கத்தை நிரப்பி, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்து அழுத்தினாள். அவன் பக்கம் காலியாக இருந்தது. மலை உச்சியில் அவன் வாயாலேயே உண்மையை வரவழைத்து, கையில் இந்தத் தாளைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அன்றிரவு அவள் தூங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று விடிந்தது. ரயிலில் இவாவோ மகளின் தோளில் கை போட்டபடியே வந்தான். இறங்கும்போதும் எடுக்கவில்லை. இத்தனை வருடம் இல்லாத பாசம் இன்றைக்குப் பொத்துக்கொண்டு வருகிறதே என்று மசுமி பல்லைக் கடித்தாள்.

மலை ரயில் மாறி, கேபிள் கார் நிலையத்துக்கு வந்தார்கள். மேலே போகும் படிக்கட்டுக்கு முன்னால் நின்று அவன், “பதினாலு படி. ஏறினதும் இடது பக்கம். கழிப்பறை வலது பக்கம்” என்றான்.

“எப்படிங்க தெரியும்?” என்றாள் மசுமி, தேன் ஒழுகும் குரலில்.

“போர்டுல போட்டிருக்கான்.”

போர்டில் அப்படி எதுவும் இல்லை. அவள் பார்த்துவிட்டாள். படியின் எண்ணிக்கை நாக்கு நுனியில் நிற்க வேண்டுமென்றால் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும்! கடைசியில் படி முடியும் இடத்தில் அவன் கால் தட்டித் தடுமாறினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று மசுமி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பெட்டி மரங்களின் தலைக்கு மேல் ஊர்ந்தது. இலையெல்லாம் சிவந்து கிடந்தது. சிகுசா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கத்திக்கொண்டே வந்தாள்.

“சிகுசா, கம்பியைப் பிடிச்சுக்கோ. இப்போ குலுங்கும்” என்றான் இவாவோ.

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் பெட்டி தூணைக் கடந்து குலுங்கியது.

“அப்பா சூப்பர்! எப்படிப்பா?”

“சும்மா ஒரு ஊகம்தான்.”

ஊகமாம். மசுமி கைப்பையை மடியில் இறுக்கினாள். மலை முகட்டைத் தாண்டியதும் தரை சட்டென்று கீழே போய்விட்டது. மஞ்சள் மஞ்சளாகப் பாறை, பாறைக்கு நடுவே புகை. கூடவே அந்த வாடை உள்ளே வந்தது. மேல்சட்டையில் அடித்த அதே வாடை. அதுவரை மனதின் ஒரு மூலையில், தப்பாக நினைக்கிறோமோ என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. அது போய்விட்டது.

உச்சியில் இறங்கினதும் முட்டைக் கடை. உள்ளே நின்ற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சிவந்த கன்னம், உருண்டையான கை. இவாவோவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“அடடே, புதன்கிழமைக்காரரே! இன்னிக்கு ஞாயித்துக்கிழமை வந்திருக்கீங்க. வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வந்தாச்சா?”

இவாவோ தலையை மட்டும் ஆட்டினான். காதெல்லாம் சிவந்துவிட்டது. மசுமி அந்தப் பெண்ணை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். இவள்தானா? இவளுக்காகவா?

“சிகுசா, வரிசையில நின்னு முட்டை வாங்கிட்டு வா. நாங்க அங்க வேலிகிட்ட நிக்கறோம்” என்றாள்.

வேலியோரம் கூட்டமாக இருந்தது. வந்தவர்கள் முகம் தொங்கிப்போய் நின்றார்கள். காலையிலிருந்து தெளிவாக இருந்த வானத்தில், சரியாக ஃபுஜி மலை தெரிய வேண்டிய மேற்குப் பக்கம் மட்டும் மேகம் வந்து குந்திக்கொண்டிருந்தது. ஒரே வெள்ளை. மலையும் இல்லை, ஒன்றும் இல்லை.

இவாவோ வேலியைப் பிடித்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, நேராக மேற்கே கை நீட்டினான். “பார்த்தியா மசுமி? ஃபுஜி. இன்னிக்கு எவ்வளவு அழகா இருக்கு! கல்யாணமான புதுசுல வந்தப்போ மூடுபனியில ஒண்ணுமே தெரியலைன்னு அழுதியே.”

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

மசுமிக்குத் தலைக்கேறியது. இல்லாத மலையைக் காட்டிக் கேலி செய்கிறானா? இதற்கு மேல் பொறுக்க என்ன இருக்கிறது. கைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள். மடிப்பைப் பிரித்து, பச்சைக் கோடும் சிவப்பு முத்திரையும் மேலே தெரிய, அவன் கையில் வைத்தாள்.

“பாருங்க. நல்லா பாருங்க.”

அவன் தாளை வாங்கினான். முகத்துக்கு நேரே பிடித்தான். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினான். பிறகு சிரித்தான்.

“வரைபடமா? பச்சையா நல்லா போட்டிருக்கானே. சிகுசாகிட்ட குடு, வழி பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.”

மசுமி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தாளைப் பார்க்கவில்லை. தாள் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழிந்த தேநீர், இரண்டு நிறக் காலுறை, மகளின் தோளில் இருந்த கை, பதினாலு படி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. காலாவதியான தயிரை இருபதடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள், பக்கத்தில் படுத்திருந்தவனின் கண்ணைப் பார்க்கத் தவறிவிட்டாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. தாளை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“எப்போலேருந்துங்க?”

அவன், “எது?” என்றான்.

“ஃபுஜி மேகத்துக்குள்ள இருக்கு. யாருக்கும் தெரியலை.”

வேலியைப் பிடித்திருந்த அவன் கை இறுகியது. “புதன்கிழமை வந்தப்போ இருந்துச்சே” என்றான். “கடைக்காரம்மாதான் சொன்னாங்க, நேரா மேற்கேன்னு. எனக்கே மங்கலா ஒரு வெள்ளை தெரிஞ்சுது.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். “போன வருஷக் கடைசியிலேருந்து. பார்வை ஓரத்துலேருந்து மூடிக்கிட்டே வருது, இப்போ நடுவுலயும் மங்கல். போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொல்றாரு.”

“ஆலையில?”

“விரலால தடவிப் பார்த்துடுவேன். ஆனா டிசம்பரோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்.”

“என்கிட்ட சொல்ல வாய் வரலையா?”

“சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள், சிகுசாவை ஒரு சாதாரண அப்பா மாதிரி கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன். அவ என்னைப் பார்த்துக்கிட்டே நடக்கக் கூடாது, மலையைப் பார்க்கணும். உன் கண்ணுல மண்ணைத் தூவறது லேசா? சுற்றுலாவுக்கு முன்னாடி வழி பார்க்கற மாதிரி, ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து முழுக்க நடந்தேன். நீ சந்தேகப்படக் கூடாதுன்னு மூணு தடவை வந்தேன்.”

சந்தேகப்படக் கூடாதாம்! மசுமிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

சிகுசா முட்டைப் பையோடு ஓடி வந்தாள். “அப்பா! ஃபுஜி எங்கப்பா? ஒண்ணுமே தெரியலையே!”

இவாவோ வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் மசுமி பேசினாள். “இப்போதாண்டி மூடிச்சு. அப்பா பார்த்துட்டாரு. நல்லா நேரா மேற்கே. உக்காரு, முட்டை தின்னு முடிக்கறதுக்குள்ள திறந்தாலும் திறக்கும்.”

பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அங்கே எங்கும் குப்பைத் தொட்டி கிடையாது, அவரவர் குப்பையை அவரவரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மசுமி கைப்பைக்குள் தேடி, அந்தப் பச்சைக் கோட்டுத் தாளை எடுத்து மடியில் விரித்தாள். கறுப்பு ஓட்டை எல்லாம் அதன்மேல் உரித்துப் போட்டாள். முதல் முட்டையைப் பிளந்து மோந்து பார்த்தாள். பிறகுதான் கணவன் கையில் வைத்தாள்.

“அம்மா, அது என்ன பேப்பர்? முத்திரையெல்லாம் இருக்கு!”

“தேதி முடிஞ்சுபோனது” என்று சொல்லி அவள் தாளை ஓடுகளோடு சேர்த்துச் சுருட்டினாள்.

ஃபுஜி திறக்கவே இல்லை. மூன்று மணிக்குத் திரும்பினார்கள். கீழே நிலையத்தில் சிகுசா முன்னால் ஓடிவிட்டாள். படிக்கட்டின் மேலே இவாவோ நின்று, “பதினாலு” என்றான், தனக்குத்தானே.

மசுமி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக, உதடு அசைய, தானும் எண்ணினாள். பதினாலு வந்ததும் அவன் சமதரை என்று காலை வீசி வைக்கப் போனான். அவள் இழுத்து நிறுத்தினாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

அவன் காலால் துழாவினான். இருந்தது. “அதான் மூணு தடவையும் இங்க தடுக்கிச்சா!” என்றான். “வயசாகுதுன்னு நெனச்சேன்.”

“எண்ணினதுல தப்பு இருக்கும்னு ஒரு தடவைகூட சந்தேகம் வரலையா?”

“வரலையே.”

“வராது. இனிமே நீங்க எதையும் எண்ண வேண்டாம்” என்றாள் மசுமி. “நான் எண்ணிக்கறேன். காலை வைங்க.”