ஒட்டுப் போட்ட காப்பு

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, காதுகள் இரண்டையும் மூடிய கறுப்பு ஹெட்போனோடு, கல்முனைக்குடிக் கடற்கரையில் மச்சான் குனிந்து நடந்து வரும் காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கையிலிருக்கும் கம்பின் நுனியில் சாப்பாட்டுத் தட்டைப் போல ஒரு வட்டம். அதை மணலுக்கு மேலாக இடமும் வலமும் ஆட்டியபடி வருவார். யாராவது சலாம் சொன்னாலும் காதில் விழாது. கொஞ்சத் தூரம் போன பிறகுதான் திரும்பிப் பார்த்து, சத்தமாகப் பதில் சலாம் சொல்லுவார்.

அவர் என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கே வந்தவர். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆண் சகோதரம் இல்லாத எனக்கு அந்த இடத்தையும் அவரே நிரப்பினார். இளமையின் பெரும்பகுதி கட்டாரில் சாரதி வேலையில் போயிற்று. ஒரேயடியாக ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டுவருவார்கள். மச்சான் கொண்டுவந்தது உலோகம் தேடும் அந்த மெசின். ஊருக்குத் திரும்பிய ஒரு கூட்டாளியிடம் வாங்கினாராம். ராத்தா கொஞ்ச நாள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. பொலிஸுக்குப் போய், தொல்பொருள் இடங்கள் பக்கம் போகமாட்டேன், கடற்கரையில் சனங்கள் தொலைத்ததை மட்டும்தான் தேடுவேன் என்று சொல்லிவிட்டு வந்து தொடங்கினார்.

கிடைத்ததெல்லாம் சோடாப் போத்தல் மூடியும் தோணி ஆணியும்தான். ஆனால் மாரிக் காலத்தில் கடல் கரையை அரித்தால் வேறு சாமான்கள் வெளியே வரும். கதவுத் தாழ்ப்பாள், பிணைச்சல், துருப்பிடித்த பூட்டு, ஒருமுறை ஒரு தையல் மெசினின் சக்கரம். சுனாமிக்கு முன்பு அந்தக் கரையில் வரிசையாக வீடுகள் இருந்தன. போத்தல் மூடியைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுப்பார். வீட்டுச் சாமானைக் கொடுக்கமாட்டார். ஒரு வாளியில் போட்டுக் கிணற்றடியில் வைத்திருந்தார். ஏன் என்று ராத்தா கேட்டதற்கு, “அது ஆர்ர வீட்டுக் கதவோ” என்று மட்டும் சொன்னார்.

அப்படி ஒரு மாரியில்தான் அந்தக் காப்பு அகப்பட்டது. சின்னப் பிள்ளையின் கைக்கானது, தங்கம். சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினார். பிறகு காரைதீவில் தனக்குத் தெரிந்த தட்டாரிடம் கொண்டுபோனார். இது நம்ம பக்கத்து வேலைதான், பிள்ளை வளர வளரக் காப்பை வெட்டி இடையில் துண்டு வைத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னாராம். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். அப்போது காப்பை ராத்தாவைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. ஒரு நகை அகப்பட்டிருக்கிறது, தொலைத்தவர்கள் வந்து அடையாளம் சொல்லலாம் என்று பள்ளிவாசலில் அறிவிக்கச் செய்தார். என்ன நகை என்று சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

பெண்கள்தான் வந்தார்கள். அந்நியப் பெண்களோடு நேரே இருந்து கதைக்க அவருக்குக் கூச்சம். அதனால் அவர் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான்; அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் என்னிடம் அடையாளம் சொல்லுவார்கள். வெளியே இருந்து மச்சான் “இல்ல டீச்சர்” என்பார். வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் அன்றைக்கு மட்டும் டீச்சர் என்றார். கலியாண மாலை, மோதிரம், தோடு என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். இல்லை என்ற பிறகும் யாரும் உடனே எழும்பவில்லை. மாலையைச் சொல்ல வந்தவள் மாலை போட்டிருந்த உம்மாவைப் பற்றிச் சொன்னாள். மச்சான் ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. ராத்தா தேத்தண்ணீர் ஊற்றியபடியே இருந்தாள்.

கடைசியாக வந்தவ சுனாமி வீட்டுத்திட்ட மாடியில் இருப்பவ. கூடப்பிறந்த காக்கா ஒருவர் கூட்டிவந்து வெளியே நின்றார். அவவுடைய மூன்று வயது மகள் சுனாமியில் காணாமற் போனவள். அடக்கம் செய்ய மய்யித்துக் கிடைக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளையைத் தூக்கி லொறியில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்ன கதையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் இல்லம் என்று பல ஊருக்கும் போய்த் தேடியவ. மகளின் காப்பைப் பற்றித்தான் சொன்னா. பெருநாளுக்கு முன் அது இறுகிப்போனதாம். தன் உடைந்த தோட்டை உருக்கித் துண்டு வைத்தார்களாம். அந்த ஒட்டு மட்டும் கொஞ்சம் சிவப்பாகத் தெரியுமாம். பிள்ளை எந்த நேரமும் அதைக் கடிப்பதால் ஓரம் நெளிந்திருக்குமாம்.

திரைச்சீலைக்குக் கீழாக மச்சானின் கை வந்தது. உள்ளங்கையில் காப்பு இருந்தது. நான் அப்போதுதான் அதை முதன்முதல் கண்டேன். சிவந்த ஒட்டு, நெளிந்த ஓரம்.

அவ வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. ஒட்டைப் பெருவிரலால் தடவினா. பிறகு என் கையில் திருப்பி வைத்தா.

“இது எங்கட இல்ல டீச்சர். என்ட புள்ளட கையில இருந்து அது கழராது.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வெளியே மச்சானின் குரல் கேட்டது.

“அப்ப சரி. அது வேற ஆக்கள்ட. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க.”

அவ போன பிறகு நான் மச்சானோடு சண்டை பிடித்தேன். அது அவவுடையதுதான், நமக்கே தெரிந்ததை எப்படிச் சொல்லாமல் இருப்பது என்றேன். அவர் காப்பை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டே, அவவே இல்லை என்று சொன்ன பிறகு நாம் யார் என்று கேட்டார். ஓரிருவர் அதை விற்றுப் பள்ளிவாசலுக்குக் கொடுக்கச் சொன்னபோதும், அது அமானிதம், நம்மை நம்பி ஒப்படைத்த பொருள், உரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு மெசினோடு ஒலுவில் வரைக்கும் போனார். ஆனால் காப்புக் கிடைத்த அந்தக் கரைத்துண்டில் இறங்கவேயில்லை. அந்தப் பிள்ளையுடையது வேறு ஏதாவது அகப்பட்டுவிடுமோ என்று பயந்திருப்பார். நான் கேட்கவில்லை.

போன வருடம் மச்சான் மௌத்தானார். மாப்பிள்ளையை இழந்த ராத்தா வெளியே போகாமல் இத்தா இருந்த நாட்களில் ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளையின் உம்மா தனியாக வந்தா. தலை நரைத்திருந்தது. ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தா. பிறகு என் பக்கம் திரும்பி, அந்தக் காப்பை வேறு யாரும் வந்து கேட்டார்களா என்று விசாரித்தா. இல்லை என்றேன்.

“நான் அண்டைக்குச் சொன்னத அவர் நம்பினவரா டீச்சர்?”

“நம்பல்ல” என்றேன்.

“ஓம். எனக்கும் விளங்கிச்சு. அவர் வற்புறுத்தி இருந்தா நான் பைத்தியமாகி இருப்பன்.”

ராத்தா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தாள். அவ அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு, இனி நான் எடுக்கிறேன் என்று சொல்லிப் படியிறங்கினா.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸா தொழுவிக்கப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மய்யித்துக் கண்முன்னே இல்லாதவர்களுக்காகத் தொழுவது அது. பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள், வாப்பாவின் பெயரோடு. அன்றைக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு நேரம் கதைத்தும் அவ அந்தப் பெயரை ஒரு தரமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்தா அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். பெயரை இரண்டாம் தரமும் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் கையேந்தினோம்.