ராகு காலத்தில் வைத்த கரு

குழந்தைக்காகச் செய்த டெஸ்ட் டியூப் சிகிச்சையில் எங்களுக்கு மீதியிருந்தது ஒரே ஒரு கரு. முதலில் வைத்தது தங்கவில்லை. இதைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி லேபில் உறைய வைத்திருந்தார்கள். மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி வைத்திருப்பார்களே, மூடியைத் திறந்தால் புகை வரும் கேன், அதுபோல ஒன்றில்தான் இருக்கும் என்று நினைத்தேன். நம் பிள்ளையை இப்படியா நினைப்பது என்று எனக்கே கூசியது.

புதன்கிழமை காலை வரச் சொன்னார்கள். சுவாமிமலையில் அர்ச்சனை செய்துவிட்டுப் போனோம். மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். என் மனைவி தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கு நேரமாகிவிட்டது. எங்களைக் கூப்பிடும்போது உச்சி தாண்டி, ராகு காலம் பிறந்திருந்தது.

நான் எழுந்து, கூப்பிட வந்த லேப் மேடத்திடம் கைகூப்பினேன்.

"அம்மா, ஒன்றரைக்கு மேல வச்சுக்கலாமுங்களா? ராகு காலம் போயிடட்டும்."

"ஐயா, கருவை காலையிலயே உருக்கி எடுத்தாச்சுங்க. நல்லா உயிரோட விரிஞ்சிருக்கு. அது வெளிய வர மேல் ஓட்டுல லேசரால சின்னதா வழி விட்டு, கர்ப்பப்பையில ஒட்டிப் பிடிக்கிறதுக்கான திரவத்துல வச்சிருக்கோம். இப்ப வைக்கிறதுதான் நல்லது."

"ஒரு மணி நேரந்தானேம்மா..."

என் மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"ஏங்க, முளை கட்டின விதைய ராகு காலம்னு சாக்குலயே போட்டு வைப்பீங்களா? ஆத்துல தண்ணி வந்தா எந்த நேரம் பாத்து நாத்தங்காலுக்கு ஓடுனீங்க? நான் இங்க அடக்க முடியாம உக்காந்திருக்கேன், இவரு பஞ்சாங்கம் பாக்குறாரு!"

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. விதை முளைவிட்டால் நான் ஒரு நாளும் நேரம் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "வைங்கம்மா" என்றேன். திரையில் வெள்ளையாக ஒரு பொட்டு போய் உட்கார்ந்தது. முருகா என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கரு தங்கவில்லை என்று வந்தது. எல்லாம் சரியாகச் செய்தும் சில நேரம் தங்காது, யார் மேலும் குற்றமில்லை என்றார் டாக்டர். வரும் வழியில் பஸ்ஸில் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். அத மட்டும் வாய் விட்டுச் சொல்லிடாதீங்க."

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். ஆனால் அதுதான் ஓடியது. ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாமே என்றுதான் ஓடியது. ஊசிக்கெல்லாம் உடம்பைக் கொடுத்துவிட்டு வாடி உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் இருந்துகொண்டு நான் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாமி மாடத்து விளக்கை அவளையே ஏற்றச் சொன்னேன். தினமும் நான்தான் ஏற்றுவேன்; அவள் பக்கத்தில் அப்படிக் கணக்குப் பார்த்துவிட்டு அன்று ஏற்றக் கூசியது.

"ஏன், உங்க கைக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

தீப்பெட்டியை அவள் கையில் வைத்தேன். அவளே தீக்குச்சியைக் கிழித்தாள்.