சம்பந்தி என்று எழுதிக் கொடுத்தவள்

எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கால்நடை ஆய்வு நிலையம். அங்கிருந்து ஆண்டுக்கு நான்கு முறை வரும் ஆய்விதழை இருபத்தாறு வருடமாகச் சுமந்தவள் சாய்ரகான். பெயருக்குச் செயலாளர். கட்டுரை வாங்குவது, மதிப்பிட ஆள் பிடிப்பது, பிழை பார்ப்பது எல்லாம் அவள் தலையில்தான். ஆசிரியர் என்று பெயர் போட்டுக்கொள்ள மட்டும் இயக்குநர் இருந்தார்.

மற்ற இதழ்கள் நெறிமுறை விதிகளை ஈயடிச்சான் காப்பி அடித்து ஒப்பேற்றியபோது, இவள் உட்கார்ந்து சொந்தமாக எழுதினாள். எழுதியவரின் உறவுக்காரர் அந்தக் கட்டுரையைத் தொடக்கூடாது. உறவுக்காரர் யார்? எங்கள் ஜனங்களைக் கேட்டால் ஏழு தலைமுறைப் பங்காளிகளை ஒப்பிப்பார்கள். சம்பந்தி அதில் சேர்த்தியில்லை. அவர் மரியாதைக்குரிய விருந்தாளி. அந்த ஓட்டை வழியாகத்தான் பாதிக் கட்டுரைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. அதனால் சம்பந்தியையும் சேர்த்தாள்.

"சம்பந்தியையும் தள்ளிட்டா இந்த ஊர்ல யாரு எழுதறது, யாரு படிக்கறது?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார் இயக்குநர்.

அப்புறம் பேராசிரியர் இமான்குலின் கட்டுரை வந்தது. ஆடுகளின் கருச்சிதைவு நோய்க்குப் புதுத் தடுப்பூசி. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் காக்கிறதாம். அதை விற்கும் கம்பெனி அவர் மனைவி பெயரில் இருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி மூச்சில்லை. சோதித்துப் பார்த்ததாகச் சொன்ன இரண்டு மந்தைகளின் எண்களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஊசி பலிக்காவிட்டால் ஆட்டோடு போகாது. குட்டி ஈனும்போது கைகொடுக்கும் மேய்ப்பனுக்கும் காய்ச்சல் தொற்றி மூட்டு மூட்டாக முடக்கிவிடும். சாய்ரகானின் தம்பி முப்பது வயதில் கோலூன்றியது அப்படித்தான்.

கம்பெனி யாருடையது என்று ஒரு வரி எழுதுங்கள், எண்களை அண்டை நாட்டு அல்மாட்டியில் ஒருவர் பார்க்கட்டும் என்றாள். இமான்குல் மறுத்தார். ஏழு மாதம் அவள் மசியவில்லை.

வசந்தத்தில் அவள் மகள் பெகாயிம் வந்து நின்றாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை எனக்குத் தோடு போட்டு நிச்சயம் பண்ண வர்றாங்க. இமான்குல் சாரோட பையன்."

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு வருஷமா. உன் கட்டுரைச் சண்டையோட இதை முடிச்சுப் போட்டுடாதேம்மா."

போடவில்லை. ஞாயிறன்று வந்தார்கள், பெண் காதில் தோடு மாட்டினார்கள். ஆட்டின் ஈரலும் வால்கொழுப்பும் தட்டில் வந்தன. அதைச் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டால் உறவு உறுதியாகிவிடும். பிறகு பின்வாங்க முடியாது.

"வாயைத் திறங்க சம்பந்தியம்மா! இனிமே நமக்குள்ள என்ன வழக்கு?" என்று இமான்குல் தன் கையால் ஊட்டினார். சாய்ரகான் மகளின் முகத்தைப் பார்த்தாள். விழுங்கினாள்.

மறைத்திருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, இமான்குல் என் சம்பந்தி என்று எழுதி இயக்குநரிடம் நீட்டினாள்.

"நீங்க எழுதின விதிதானே அக்கா? அப்ப இந்தக் கட்டுரையிலேருந்து ஒதுங்கிக்குங்க. நானே பாத்துக்கறேன்."

"நீங்களும் அவரும் சேந்துதானே வேட்டைக்குப் போறீங்க?"

"சிநேகிதம் விதியில இல்லையே!"

இல்லைதான். அடுத்த இதழிலேயே கட்டுரை வந்துவிட்டது. நாணயமாக இருந்தவளுக்கு இதுதான் கூலி!

இலையுதிர் காலத்தில் நாரின் ஊர்ப்பக்கத்துக் கால்நடை மருத்துவர் தொக்தோசுன் போன் செய்தார்.

"அக்கா, அந்த ஊசியை மாவட்டம் முழுக்க வாங்கச் சொல்றாங்க. உங்க இதழ்ல வந்திருக்கே, நம்பலாமா?"

"தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இமான்குல் எனக்குச் சம்பந்தி."

"அட, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா! உங்க வீட்டு மருந்துன்னா கேள்வியே வேண்டாம்."

"ஐயோ, கேளு. கம்பெனி அவங்களோடது. எண்கள் பொய். வாங்காதே."

தொக்தோசுன் மெதுவாகச் சிரித்தார்.

"சீர்வரிசையில ஏதாவது மனக்கசப்பாக்கா? சம்பந்திங்கன்னா அப்படித்தான், பேரன் பொறந்தா சரியாயிடும். நாப்பதாயிரம் ஆட்டுக்கு இன்னிக்கே சொல்லி வச்சிடறேன்."