இரண்டாவது கல்வெட்டு

நான் வேலை செய்யும் லண்டன் போலந்து நூலகத்துக்கு, இறந்தவர்களின் புத்தகங்களைப் பேரப்பிள்ளைகள் குப்பைப் பைகளில் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. பக்கங்களுக்கு நடுவே யாருடையதோ மரண நினைவு அட்டை கிடக்கும். நூலகர் அதையும் பத்திரப்படுத்துவார். வீண்வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், இறந்துபோன எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாடு. இறந்தவரின் வாழ்க்கையும் தேவாரமும் அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள். பலர் அதன்மேல் வடையை வைத்துத் தின்றுவிட்டு, இருந்த கதிரையிலேயே விட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் படாத ஒன்றை எடுத்தேன்.

"உங்களிட்ட ஒண்டு இருக்கெல்லோ அண்ணை?" என்றார் இறந்தவரின் மகன்.

"ஓம். இது, பிறகு ஆரும் தேடி வந்தால் குடுக்க."

எங்கே தேடி வருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. போலந்துக்காரருக்கு இருப்பதுபோல் எங்களுக்கு ஒரு நூலகம் இருப்பதாக எனக்குத் தெரியாது; இரண்டையும் என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.