அவள் எழுதிய ஸ்டிக்கர்

என் காரின் டாஷ்போர்டில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. வெயிலில் ஓரம் சுருண்டுவிட்டது. அதில் இருப்பது என் பெயர். எழுதியவள் என் மனைவி.

சமைக்காமல், குளிக்காமல், சுவரைப் பார்த்தபடி அவள் படுத்துக் கிடந்த காலம் அது. வார்டில் சேர்க்க வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் காலையில் வந்து, குழுவாக உட்கார்ந்து பேசி, சிகிச்சை முடித்து, மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார் ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர். கோப்பெங் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து நான்தான் ஏற்றிப் போவேன். உள்ளே போகக் கூச்சம், காரிலேயே உட்கார்ந்திருப்பேன். சில வாரங்களில், சன்னல் கண்ணாடி வழியே அவள் சிரிப்பது தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் அங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். தேறி வருகிறாள் என்று மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது.

ஒருநாள், அந்தக் குழுவில் இருந்த சாப்பாட்டுக்கடை பாய் காரருகே வந்து, என் பெயரைச் சொல்லி, "அண்ணே, உள்ள வாங்க லா, இங்க வேகுது" என்றார்.

"என் பேரு எப்படித் தெரியும்?"

"அக்கா வாயத் தொறந்தா உங்க பேருதானே!"

எங்கள் தோட்டத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கிளினிக்கில் கேட்டால்கூட இவள் என் அடையாளக் கார்டைத்தான் நீட்டுவாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயால் என் பெயரை நான் கேட்டதே இல்லை. முன்பின் தெரியாதவர்களெல்லாம் கேட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் கேட்டேன்.

"அங்க பேரு சொல்லித்தான் பேசணும்" என்றாள்.

"எங்கிட்ட சொன்னதில்லையே."

"வீட்டுல இருக்கிறது நீங்க ஒரு ஆளு. பேரு எதுக்கு?" பிறகு மெதுவாக, "வெள்ளிக்கிழம குடும்பத்தோட வரச் சொல்றாங்க. வந்து கேட்டுக்குங்க" என்றாள்.

போனேன். வாசலில் தாதி ஸ்டிக்கரும் பேனாவும் கொடுத்தார். மனைவி வாங்கி, எழுதி, என் சட்டையில் ஒட்டினாள். வட்டத்தில் உட்கார்ந்ததும் என் பெயரைத் தெளிவாகச் சொன்னாள்.

"இவருதான். நான் எந்திரிக்காத நாள்லயும் தலமாட்டுல தேத்தண்ணி வைப்பாரு. ஆறிப்போனா எடுத்துட்டு, சூடா வேற வைப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது பழைய கதை. எனக்குத்தான் புதிது. அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை.

அன்று காரில் ஏறியதும் ஸ்டிக்கரைச் சட்டையிலிருந்து உரித்து டாஷ்போர்டில் ஒட்டினேன். இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. வீட்டில் மறுபடியும் நான் "இந்தாங்க"தான். ஆனால் ஈப்போ சிக்னலில் கார் நிற்கும்போது மட்டும், கடைப் பலகையை வாசிப்பதுபோல் அவள் அந்த ஸ்டிக்கரை வாய்விட்டு வாசிப்பாள். பச்சை விழுந்துவிடும். இன்னொரு தரம் வாசிக்கட்டும் என்று நான் வண்டியை எடுக்க மாட்டேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.