பிரேக் பிடித்துத்தான் போனார் அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்த்து உங்களில் பாதிப் பேர் முகம் சுளித்திருப்பீர்கள். அப்பா தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து சிரிக்கும் படத்தை நான்தான் போடச் சொன்னேன். "காவு வாங்குன வண்டியப் போய் அட்டையில போடுறாளே" என்று அத்தை வீட்டில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. வரட்டும். அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றியும், அந்த வண்டியைப் பற்றியும், அவருடைய ஒரே மகளான என்னைப் பற்றியும் நீங்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்கள். இப்போது நான் பேசுகிறேன்.

அப்பா பரவையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே போய்விட்டார். தங்கையை, அதாவது என் அத்தையை, வளர்த்துக் கட்டிக் கொடுத்தது அப்பாதான். அதை அவர் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. அவ்வப்போது சொல்லிக் காட்டியிருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பிறகு அரசுப் பேருந்து ஓட்டுநரானார். மதுரை மாட்டுத்தாவணி நிலையத்திலிருந்து அவர் ஓட்டாத ஊர் இல்லை. பணிக்காலம் முழுவதும் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஓய்வு பெற்றதும், திண்டுக்கல் ரோட்டில் ஒரு மில் முதலாளி வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த அந்தப் பழைய காரை வாங்கி வந்தார். இரண்டே பேர் உட்காரலாம். மேல்துணியை இழுத்து மூடினாலும் மழை உள்ளேதான் பெய்யும். "ஆயுசு பூரா ஊரையே ஏத்திட்டுப் போயாச்சு. இனிமே நானும் உங்கம்மாவும் மட்டும் போறோம்" என்றார்.

எங்கள் வில்லாபுரம் வீட்டுக்கு வந்து யார் யார் என்னென்ன சொன்னீர்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மாடி எடுக்க வக்கில்ல, மைனர் காரு கேக்குதாக்கும்" என்றார் அத்தையின் வீட்டுக்காரரான மாமா. அடுத்த வாரமே அதே மாமா அதில் ஏறிக் கொடைரோடு வரை போய்வந்தார், அம்மாவின் இருக்கையில்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் பூஜைக்கு நிற்கும் வண்டியில் எதுவும் குறைவாக இருக்கக் கூடாது. பெட்ரோல், தண்ணீர், டயரில் காற்று எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். மாமாதான் முன்னால் நின்று சந்தனம் தெளித்தார், விளக்கேற்றினார். முடித்துக்கொண்டு வந்து, "ஒரு டப்பாவுல கொறஞ்சு கெடந்துச்சு மச்சான், நெறச்சு விட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். ரேடியேட்டர் தண்ணீரைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

சில நாட்களில் பிரேக் பெடல் ஒட்ட ஆரம்பித்தது. மிதித்தால் கீழே போகும், காலை எடுத்தால் மேலே வராது. வந்தாலும் முனகிக்கொண்டுதான் வரும். அவனியாபுரம் போய்த் திரும்புவதற்குள் சக்கரங்கள் கை வைக்க முடியாதபடி சுட்டன. "பழசுன்னா அப்படித்தான், எடைக்குப் போடுங்க" என்று வரும்போதெல்லாம் மாமா ஓதினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் வண்டிக்கு அடியில் கிடந்தோம். முதலில் பெடலின் அச்சில் துரு என்று நினைத்து, கழுவிக் கிரீஸ் வைத்தோம். மாறவில்லை. பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங்கை மாற்றினோம். அதற்கும் மசியவில்லை.

"பெடலத் தனியாப் பிரிச்சு விடு ஆத்தா. அது மேல குத்தமா இல்லையான்னு தெரிஞ்சுபோகும்" என்றார் அப்பா.

பெடலையும் அது தள்ளும் கம்பியையும் இணைக்கும் பின்னை உருவினேன். பெடல் தடையே இல்லாமல் ஆடியது.

"அப்ப இதுல இல்ல. அதுக்கு அங்கிட்டு இருக்கு."

அடுத்து, பின்னைத் திரும்ப மாட்டிப் பெடலை மிதித்து விட்டதும் சுற்ற மறுத்த முன் சக்கரத்தில், பிரேக் ஆயில் வெளியேறும் சின்ன நட்டைக் கொஞ்சமே தளர்த்தினோம். ஆயில் பீய்ச்சி அடித்தது. உடனே சக்கரம் கையால் தள்ளினாலே சுற்றியது. அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே சிக்கிக்கொள்கிறது என்று புரிந்தது. அப்பா எழுந்து போய் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். விரலை விட்டு மோந்தார். இன்னொரு தடவையும் மோந்தார்.

"இங்க வா. மோந்து பாரு."

நல்லெண்ணெய். பிரேக் ஆயிலோடு சேராமல் மேலே தனியாக மிதந்தது. டப்பாவுக்குக் கீழே இருந்த பிரேக் சிலிண்டரைப் பிரித்தால், உள்ளே இருந்த ரப்பர்கள் தயிரில் ஊறிய வடை மாதிரி உப்பி, ஆயில் திரும்பும் துளையை அடைத்துக்கொண்டிருந்தன. விளக்குக்கு ஊற்றிய கையோடு பிரேக்குக்கும் ஊற்றியிருக்கிறார் மாமா.

"இப்பவே போன் போட்டுக் கேக்குறேன்ப்பா."

"வேணாந்தா. சாமி காரியம்னு நெனச்சுத் தெரியாமச் செஞ்சது. இதச் சொன்னா உங்கத்தை அப்பறம் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா. நான் இருக்கற வரைக்கும் இது உன் வாயில வரக் கூடாது."

சரி என்றேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து புது ரப்பர்கள் வரவழைத்தோம். குழாய்கள் முழுவதையும் அலசி, எல்லாவற்றையும் மாற்றி மாட்டினோம். மிதித்தால் பெடல் போனது. காலை எடுத்தால் வந்தது. அப்பா குழந்தை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்த வண்டி நன்றாகவே ஓடியது. ஒருநாள் காலை பரவை மார்க்கெட்டுக்குக் காய் வாங்கத் தனியாகப் போனவர் திரும்பவில்லை. மாரடைப்பு. டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். அங்கே காய் விற்கும் அக்கா என்னிடம் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்: "வண்டி மெள்ள வந்து ஓரங்கட்டி நின்னுச்சும்மா. கைப்பிரேக்கையும் இழுத்து விட்டாரு. அதுக்கப்பறந்தான் தலை சாஞ்சுச்சு. முன்னால அம்புட்டுக் கூட்டம். ஒருத்தர் மேலயும் படல."

பிரேக் பிடிக்காத வண்டி இப்படி நிற்குமா? ஆனால் அன்று சாயங்காலமே, எங்கள் வீட்டுப் பந்தலில், எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மாமா சொன்னார்: "பொம்பளப் பிள்ள கழட்டி மாட்டுன பிரேக்கு எப்படிப் பிடிக்கும்?" சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினீர்கள். கருமாதிக்குள் நான் 'அப்பனைக் கொன்றவள்' ஆகிவிட்டேன். உங்கள் பேச்சை நான் தூசியாகத் தட்டிவிட்டிருப்பேன். ஆனால் ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே சரியாத்தான் மாட்டுனியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அம்மாவின் வாயில் வைத்தவர்கள் நீங்கள். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்த காய்க்கார அக்காவுக்கு நன்றி. எதுவும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய ஆட்டோக்காரருக்கு நன்றி. காக்கிச் சட்டையோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரை நின்ற அப்பாவின் டெப்போ நண்பர்களுக்கு நன்றி. சொந்தங்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. வண்டி இன்று வாசலில்தான் நிற்கும். சந்தேகம் தீராதவர்கள் சாப்பிட்டுக் கிளம்பும்போது பெடலை மிதித்துப் பார்க்கலாம். மாமாவும் பார்க்கலாம். எந்த மூடியையும் திறக்காமல் இருந்தால் போதும்.

தான் இருக்கும்வரை சொல்லாதே என்றார் அப்பா. அவர் போன பிறகும் ஒரு வருடம் பொறுத்திருந்தேன். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அம்மா எழுந்து போய், வண்டியில் அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தார். பெடலை மிதித்தார். காலை எடுத்தார். அது மேலே வந்தது. இன்னொரு தடவையும் மிதித்துப் பார்த்தார்.

"அத்தை மனசு நோகும். மாமா வர்ற எடத்த மட்டும் எடுத்துரவாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு வரி எடுக்கக் கூடாது. அப்படியே குடு" என்றார்.